மெல்லிசைக் குழு ஒத்திகை: புதிதாகச் சேருவோருக்குச் சில பாடங்கள்



பொங்கல் விழாவுக்கு நம் மெல்லிசைக் குழு இந்த முறையும் வாசிக்க வேண்டுமா, அல்லது ‘டிராக்’ போட்டுப் பாடிவிடலாமா என்ற கேள்வி செயற்குழுவில் எழுந்திருக்கிறது. கைப்பேசியிலிருந்து இசையை ஓடவிட்டுப் பாடினால் டிரம்ஸ் தூக்க ஆட்டோ வேண்டாம், பத்து ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வேண்டாம், செலவும் குறைவு என்று சிலர் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பத்து ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன நடக்கிறது என்பது கூடத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. அதை எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டார். நான் இசை படித்தவன் அல்ல. ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டிப்ளமா இன்ஜினீயர். நாக்பூருக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து இந்தக் குழுவில் தபேலாவும் டோலக்கும் வாசித்து வருகிறேன். ஒத்திகையை நடத்தும் பொறுப்பும் சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. அந்த அனுபவத்தில் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

மெல்லிசைக் குழு என்பது தமிழர்களுக்குப் புதிதல்ல. 1979-இல் வந்த ‘நினைத்தாலே இனிக்கும்’ படமே ஒரு மேடை இசைக் குழுவின் கதைதான். இளையராஜா இளம் வயதில் தம் அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று வாசித்தவர். நாம் அந்த உயரத்துக்குப் போக வேண்டியதில்லை. பிறர் இசையமைத்த பாட்டை, நம் கையில் உள்ள வாத்தியங்களைக் கொண்டு, கேட்பவர் முகம் சுளிக்காதபடி வாசித்தால் போதும். அதற்கே முறையான ஒத்திகை தேவைப்படுகிறது.

1. எத்தனை பாட்டு?

முதலில் ஒரு சிறு கணக்கு. பத்து ஞாயிறு, நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் மொத்தம் 1200 நிமிடம். வயர் இணைக்கவும், சுருதி சேர்க்கவும், டீ குடிக்கவும் நாளுக்கு 20 நிமிடம் போனால் மீதி 1000 நிமிடம். 25 பாட்டு எடுத்தால் ஒரு பாட்டுக்கு 40 நிமிடம்தான் கிடைக்கும். 12 பாட்டு என்றால் 83 நிமிடம் கிடைக்கும். பாட்டு ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் என்று வைத்தாலும் 12 பாட்டு ஒரு மணி நேர நிகழ்ச்சிக்குச் சரியாக வரும். ஆகவே 12-க்கு மேல் வேண்டாம்.

பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நம்மிடம் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். 1982-இல் வெளியான ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்து நிலாப் பாட்டை விரும்பாதவர் இல்லை. ஆனால் அந்தப் பாட்டின் உயிர் கிதாரில் இருக்கிறது. தேர்ந்த கிதார்க் கலைஞர் இல்லாத வருடத்தில் அதை எடுத்துக்கொண்டு கீபோர்டில் கிதார் சத்தம் வைத்து ஒப்பேற்றினால், பாட்டைத் தெரிந்தவர்கள் வருத்தப்படுவார்கள். நல்ல புல்லாங்குழல் இருந்தால் குழல் பாட்டு எடுங்கள். தாளக்காரர்கள் வலுவாக இருந்தால் கிராமியப் பாட்டு எடுங்கள்.

2. கட்டை பார்த்தல்

ஒவ்வொரு பாட்டுக்கும் பாடுபவரின் குரலுக்கு ஏற்ற கட்டையை முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். ஒரு கட்டை என்பது மேற்கத்திய முறையில் ‘சி’, இரண்டு கட்டை ‘டி’, ஐந்து கட்டை ‘ஜி’. பொதுவாக ஆண்களுக்கு ஒன்றிலிருந்து இரண்டு கட்டை வரையும், பெண்களுக்கு ஐந்திலிருந்து ஆறு கட்டை வரையும் வரும். இது பொது அளவுதான். ஆளுக்கு ஆள் மாறும்.

பலர் பல்லவியைப் பாடிப் பார்த்துவிட்டுக் கட்டையை முடிவு செய்கிறார்கள். பல்லவியில் யாருக்கும் கஷ்டம் வராது. சரணத்தில் எந்த இடம் உச்சத்துக்குப் போகிறதோ அந்த இடத்தை முதலில் பாடச் சொல்லுங்கள். அங்கே குரல் கத்தாமல் நின்றால் அந்தக் கட்டை சரி. பிறகு மிகவும் கீழே இறங்கும் இடத்தையும் பாடிப் பாருங்கள். ஜோடிப் பாட்டில் இருவருக்கும் பொதுவான கட்டை வேண்டும்; உச்சியில் யாருக்குச் சிரமம் அதிகமோ அவரை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

டி.எம்.எஸ். பாடிய கட்டையில்தான் பாடுவேன் என்று பிடிவாதம் வேண்டாம். நம் குழுவில் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். இளமையில் பாடிய கட்டையிலிருந்து ஒன்று குறைத்துத்தான் இப்போது பாடுகிறார். கீழே அமர்ந்திருப்பவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரிவதில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாகப் பாடுவது மட்டும் தெரிகிறது. குறைப்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் கிடையாது.

கட்டையை மாற்றினால் கீபோர்டுக்காரருக்கு ஒரு பொத்தான் வேலை. மற்றவர்களுக்கு அப்படி இல்லை. புல்லாங்குழலுக்குக் கட்டைக்கு ஒரு குழல் வேண்டும். தபேலாவை வார்க்கட்டையைத் தட்டி ஓரளவுக்குத்தான் ஏற்றவும் இறக்கவும் முடியும். அதற்கு மேல் போனால் வேறு வாய் அகலமுள்ள தபேலா வேண்டும். ஆகவே ஐந்தாவது வாரத்தில் வந்து கட்டையை மாற்றாதீர்கள். தாளின் மேல் ஓரத்தில் கட்டையை எழுதி வட்டம் போட்டு வையுங்கள்.

குளிர்காலத்தில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பதின்மூன்று மீட்டர் தண்டவாளம் 30 டிகிரி வெப்பம் கூடினால் சுமார் நாலரை மில்லிமீட்டர் நீளும். கிதார் கம்பியும் உலோகம்தான். குளிரில் சுருங்கி இழுக்கும், சுருதி ஏறும். புல்லாங்குழலுக்கு நேர் எதிர். குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறைவதால் சுருதி இறங்கும். நாக்பூரின் ஜனவரி மாலையில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போவதைப் பார்க்கலாம். வாத்தியங்களைக் கூடத்தில் அரை மணி நேரம் வைத்திருந்து, குழலைச் சற்று ஊதிச் சூடாக்கி, அதன் பிறகு சுருதி சேர்ப்பதே முறை.

3. பாட்டின் வரைபடம்

ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரே பக்கத்தில் ஒரு வரைபடம் எழுத வேண்டும். முகப்பிசை எத்தனை பார், பல்லவி எத்தனை பார், முதல் இடையிசை, முதல் சரணம், பல்லவி, இரண்டாம் இடையிசை, இரண்டாம் சரணம், முடிவு என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் யார் வாசிக்கிறார்கள் என்று குறிக்க வேண்டும். தாளம் எட்டெண்ணிக்கை கெஹர்வாவா, ஆறெண்ணிக்கை தாத்ராவா என்பதும் மேலே இருக்க வேண்டும். இரண்டு இடையிசைகளும் ஒரே அளவு இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் இரண்டும் வேறு வேறாகத்தான் இருக்கும். பாட்டை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, விரல்விட்டு எண்ணி எழுதுங்கள்.

பாட்டு வரிகளைத் தமிழ் எழுத்தில்தான் எழுத வேண்டும் என்பது நம் குழுவின் விதி. நம் பிள்ளைகள் பலர் இங்கே இந்தியிலோ மராத்தியிலோ படித்தவர்கள். வரிகளை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தால் ல, ள, ழ மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே எழுத்தைத்தான் போடுகிறார்கள். அப்புறம் மேடையில் ‘மழை’ ‘மலை’யாகிறது, ‘விழி’ ‘விலி’யாகிறது. ஒரே நாளில் எல்லா எழுத்தும் வராது. முதல் வாரம் பல்லவி மட்டும் தமிழில். அடுத்த வாரம் ஒரு சரணம். இப்படிப் போனால் பத்து வாரத்தில் பிள்ளை தாளைப் பார்த்துத் தடங்கலில்லாமல் படிக்கிறது. நம் டிரம்ஸ் வாசிக்கும் பையன் கல்லூரி மாணவன். குழுவில் சேர்ந்தபோது தன் பெயரைக்கூடத் தமிழில் எழுதத் தெரியாது. சென்ற வருடம் ஊரிலிருந்து பாட்டி எழுதிய கடிதத்தைத் தானே படித்தான் என்று அவன் தாயார் சொன்னார்கள். தமிழ் வகுப்பு என்று பெயர் வைத்திருந்தால் அவன் வந்திருக்க மாட்டான்.

4. வீட்டு வேலை

ரயில்வேயில் ‘பிளாக்’ என்று ஒன்று உண்டு. இரண்டு ரயில்களுக்கு நடுவே இரண்டு மணி நேரம் பாதையை நிறுத்தி எங்களிடம் தருவார்கள். அதற்குள் பழைய தண்டவாளத்தை எடுத்துப் புதியதைப் போட்டு முடிக்க வேண்டும். ஆகவே தண்டவாளம், ஸ்லீப்பர், கருவிகள், ஆட்கள் எல்லாம் முன்பே அந்தந்த இடத்தில் தயாராக இருக்கும். பிளாக் கிடைத்த பிறகு ஸ்பேனரைத் தேடுபவனுக்கு அங்கே இடமில்லை.

ஒத்திகையும் அப்படித்தான். அவரவர் பகுதியை வீட்டிலேயே பாடம் செய்துகொண்டு வர வேண்டும். ஒத்திகை என்பது சேர்ந்து வாசிப்பதைப் பழகும் நேரம். ஒருவர் தன் பகுதியை அங்கே வந்து கற்றுக்கொண்டால் மற்ற ஒன்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரிடும். இதற்கு டிராக் மிகவும் உபயோகம். பாடுபவர்கள் வீட்டில் டிராக் வைத்துத் தாராளமாகப் பழகட்டும். தினம் இருபது நிமிடம் போதும். சனிக்கிழமை இரவு மட்டும் மூன்று மணி நேரம் உட்காருவது பயன் தராது.

5. இணைப்புகளைப் பழகுதல்

தண்டவாளம் முதலில் அடிபடுவது இணைப்பில்தான். சக்கரம் மோதுவது அங்கே. பாட்டும் நடுவில் கெடுவது அபூர்வம். முகப்பிசை முடிந்து பல்லவி தொடங்கும் இடம், இடையிசை முடிந்து சரணம் எடுக்கும் இடம், சரணத்திலிருந்து பல்லவிக்குத் திரும்பும் இடம், கடைசியில் எல்லோரும் ஒன்றாக நிறுத்தும் இடம் ஆகியவற்றில்தான் கெடும்.

ஆனால் பெரும்பாலான குழுக்கள் ஒவ்வொரு தடவையும் பாட்டை முதலிலிருந்து தொடங்குகின்றன. ஐந்து நிமிடப் பாட்டை ஐந்து தடவை வாசித்தால் 25 நிமிடத்தில் ஓர் இணைப்பு ஐந்து தடவைதான் வரும். அதற்குப் பதில், இடையிசையின் கடைசி இரண்டு பாரில் தொடங்கிச் சரணத்தின் முதல் இரண்டு பாரில் நிறுத்துங்கள். பத்து விநாடிதான் ஆகும். ஐந்து நிமிடத்தில், பேச்சு போக, பதினைந்து தடவையாவது பழகிவிடலாம்.

வேகத்தையும் படிப்படியாக ஏற்ற வேண்டும். பாதையில் கற்களை வாரிச் சல்லடை போட்டுத் திரும்ப நிரப்பிய உடனே ரயிலை முழு வேகத்தில் விடமாட்டார்கள். முதலில் மணிக்கு 20 கிலோமீட்டர். பாதை இறுக இறுக வேகம் ஏறும். நிமிடத்துக்கு 100 தட்டு உள்ள பாட்டை முதலில் 70-இல் வாசியுங்கள். பிழையில்லாமல் வந்தால் 85, பிறகு 100. கைப்பேசியில் மெட்ரோனோம் இலவசமாகவே கிடைக்கிறது.

மேடையில் உற்சாகத்தில் வேகம் தானாகக் கூடும். 100 தட்டு வேகத்தில் நான்கு நிமிடம் ஓடும் பாட்டை 110-இல் வாசித்தால் 3 நிமிடம் 38 விநாடியில் முடிந்துவிடும். ஒத்திகையில் ஒருவர் நேரத்தைக் குறித்துக்கொண்டால், எங்கோ ஓடியிருக்கிறோம் என்பது உடனே தெரிந்துவிடும். சண்டை போடத் தேவையில்லை.

6. சத்தம்

எல்லாக் குழுக்களிலும் நடப்பது இது: கிதாருக்குத் தன் சத்தம் கேட்கவில்லை, ஏற்றுகிறார். பாடுபவருக்குக் கேட்கவில்லை, மைக்கை ஏற்றுகிறார். டிரம்ஸ் பையன் பலமாக அடிக்கிறான். அரை மணியில் யாருக்கும் எதுவும் கேட்பதில்லை.

85 டெசிபல் சத்தத்தை நாளுக்கு எட்டு மணி நேரம் வரை கேட்கலாம் என்பது பல நிபுணர்கள் பின்பற்றும் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிறது. 88-க்கு நான்கு மணி, 91-க்கு இரண்டு மணி, 94-க்கு ஒரு மணி, 97-க்கு அரை மணி, 100 டெசிபலுக்குக் கால் மணிதான். சிறிய அறையில் டிரம்ஸ் 100-ஐச் சுலபமாகத் தாண்டும். கெட்ட காது திரும்ப வராது. பிள்ளைகள் விஷயத்தில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

செய்ய வேண்டியவை எளியவை. டிரம்ஸுக்கு அடியில் தடித்த ஜமக்காளம். முதலில் பாடுபவரின் சத்தத்தை வைத்து, மற்றவர்கள் அதற்குக் கீழே இறங்கி வருவது. ஒலிபெருக்கி மைக்குகளுக்கு முன்னால், மைக்கின் முதுகு அதை நோக்கி இருக்கும்படி வைப்பது. மைக் ஒலிபெருக்கியின் முகத்துக்கு எதிரே வந்தால் ‘கூ’வென்று கூவும். மேடையில் நெருக்கமாக நிற்பது. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. பத்து மீட்டர் தள்ளி நிற்பவருக்குத் தாளம் 0.03 விநாடி தாமதமாக வரும். காதை மட்டும் நம்பாமல் தாளக்காரரின் கையையும் பார்க்க வேண்டும்.

அக்கம்பக்கத்தாரையும் நினைக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. ஆகவேதான் நம் ஒத்திகை ஞாயிறு மாலை நான்கிலிருந்து ஆறு வரை, ஜன்னலைச் சாத்திக்கொண்டு.

7. நிறுத்துவதும் திருத்துவதும்

பாட்டை நடுவில் நிறுத்தும் உரிமை ஒருவருக்கு மட்டுமே இருக்க வேண்டும். நினைத்தவரெல்லாம் கையைத் தூக்கினால் எந்தப் பாட்டும் முடியாது. நிறுத்தியவர் இடத்தைச் சொல்ல வேண்டும், ஆளைச் சொல்லக் கூடாது. “கீபோர்டு சரியில்லை” என்றால் மனம் புண்படும், திருத்தமும் வராது. “இரண்டாம் இடையிசையில் மூன்றாவது பார்” என்றால் வேலை நடக்கும்.

பெரியவர்களிடம் பிள்ளைகள் தவறு சொல்லலாமா என்று கேட்கிறார்கள். சொல்லலாம், முறையாக. “மாமா, அந்த இடத்தை இன்னொரு தடவை பார்த்துக்கலாமா?” என்று கேட்டால் எந்த மாமாவும் கோபித்துக்கொள்ள மாட்டார். பெரியவர்களும் பத்துப் பேர் நடுவில் பிள்ளையை அதட்டக் கூடாது. அதட்டிய பிள்ளை அடுத்த ஞாயிறு வராது.

ஒவ்வொரு ஒத்திகையையும் கைப்பேசியில் பதிவு செய்து எல்லோருக்கும் அனுப்புங்கள். தன் பிழையைத் தானே கேட்டவருக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கடைசி இரண்டு ஒத்திகைகளில் எது நடந்தாலும் நிறுத்தாமல் போக வேண்டும். பிழை வந்தால் எப்படித் தொடர்ந்து போவது என்பதும் பழக வேண்டிய ஒன்றே.

8. சட்டம் பற்றி ஒரு வார்த்தை

பிறர் இசையை மேடையில் வாசிக்க அனுமதி வேண்டாமா என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 52-ஆம் பிரிவு, பொழுதுபோக்குக் கழகமோ சங்கமோ கட்டணம் வாங்காத சபைக்கு முன் நிகழ்த்துவதற்கு விலக்கு அளிக்கிறது. நம் பொங்கல் விழாவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. டிக்கெட் போட்டு நிதி திரட்டும் நிகழ்ச்சி என்றால் கதை வேறு, முன்கூட்டியே ஐ.பி.ஆர்.எஸ். போன்ற உரிமைச் சங்கங்களிடம் உரிமம் பெற வேண்டும். நிகழ்ச்சியைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றுவதும் தனி விஷயம். இந்த விலக்கு அதையும் காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம்.

9. டிராக்கா, குழுவா?

டிராக்கில் பிழை வராது. ஆனால் அது யாருக்காகவும் காத்திருக்காது. பன்னிரண்டு வயதுப் பெண் பயத்தில் சரணத்தை எடுக்கத் தவறினால் டிராக் தன் வழியே போய்விடும். குழந்தை மேடையில் கண் கலங்கி நிற்கும். குழு அப்படிப் போகாது. தபேலா இன்னும் நான்கு பார் அதே இடத்தில் சுற்றும், கீபோர்டு முந்தைய இசையைத் திரும்ப வாசிக்கும், யாரோ ஒருவர் தலையசைத்து, “இப்ப எடும்மா” என்பார். பாட்டு தொடரும். கீழே இருப்பவர்களுக்கு நடந்தது தெரியவும் தெரியாது. இது சென்ற விழாவிலேயே நடந்தது.

இன்னொன்றையும் செயற்குழு எண்ணிப் பார்க்க வேண்டும். டிராக் வைத்தால் ஆறு பாடகர்கள் அவரவர் வீட்டில் பழகி, விழாவன்று வந்து பாடிவிட்டுப் போவார்கள். குழு என்றால் பதினைந்து பேர், மூன்று தலைமுறை, பத்து வாரம் ஒரே கூடத்தில் தமிழில் பேசிக்கொண்டிருப்பார்கள். இந்த ஊரில் நம் பிள்ளைகளுக்கு வீட்டுக்கு வெளியே இரண்டு மணி நேரம் தொடர்ந்து தமிழ் பேச வேறு எந்த இடம் இருக்கிறது? ஆட்டோ செலவைக் கணக்கிடும்போது இதையும் ஒரு பக்கம் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயற்குழு சம்மதித்தால் நவம்பர் முதல் ஞாயிறு மாலை நான்கு மணிக்குச் சங்கக் கூடத்தில் ஒத்திகை தொடங்கும். இந்த வருடம் பேஸ் கிதாருக்கும் புல்லாங்குழலுக்கும் ஆள் தேவை. கோரஸ் பாட எத்தனை பிள்ளைகள் வந்தாலும் இடம் உண்டு. வாத்தியம் தெரியாதவர்கள் வரைபடம் எழுதவும், நேரம் குறிக்கவும், வயர் சுற்றவும் வரலாம். தமிழ் படிக்கத் தெரியாதவர்கள் அவசியம் வர வேண்டும். ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டு வாருங்கள்.